கணினியின் நினைவகம் கசிகிறதா? கண்டுபிடிக்கும் வழி

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளில் பில் போடும் கணினிக்குக் காலையில் கடை திறந்ததிலிருந்து இரவு ஷட்டர் இறங்கும்வரை ஓய்வில்லை. சாயங்காலம் கூட்டம் சேரும் நேரத்தில் அது திணறினால், உடனே கிடைக்கும் ஆலோசனை ‘ரேம் கூட்டுங்கள்’ என்பதுதான். செலவு செய்யும் முன் இதைச் செய்து பாருங்கள். காரணம் கசிவு என்றால் 4 ஜிபி நிரம்பியதைப் போலவே 8 ஜிபியும் நிரம்பும். சற்றுத் தாமதமாகும், அவ்வளவுதான்.

முதலில் ஓர் அடிப்படை. ஒரு நிரல் கேட்கும் நினைவகத்தை இயங்குதளம் பெரும்பாலும் 4 கேபி அளவுள்ள பக்கங்களாகப் பிரித்துக் கொடுக்கிறது. வேலை முடிந்தும் நிரல் அதைத் திருப்பித் தராவிட்டால் அது கசிவு. எந்தப் பக்கம் யாரிடம் இருக்கிறது என்பது இயங்குதளத்துக்குத் தெரியும்; அது இனிமேல் தேவைப்படுமா என்பது தெரியாது. அதனால் நடுவில் பிடுங்க முடியாது. நிரலை மூடினால் மட்டும் அத்தனையையும் திரும்ப எடுத்துக்கொள்ளும்.

படி 1: விண்டோஸ் 10 அல்லது 11-இல் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ‘டீட்டெய்ல்ஸ்’ பகுதிக்குச் செல்லுங்கள்.

படி 2: இதுதான் முக்கியமான படி, பலரும் தவறவிடுவதும் இதைத்தான். பட்டியலின் தலைப்பு வரிசையில் வலது சொடுக்கி, ‘செலக்ட் காலம்ஸ்’ சென்று, ‘கமிட் சைஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். வழக்கமாகத் தெரியும் மெமரி எண், ரேமில் இருப்பதை மட்டுமே காட்டும். நெருக்கடி வந்தால் விண்டோஸ் பழைய பக்கங்களை டிஸ்கில் உள்ள பேஜ் ஃபைலுக்குத் தள்ளிவிடும். அப்போது அந்த எண் குறையும், கசிவும் கண்ணுக்குத் தப்பிவிடும். கமிட் சைஸ், ரேமில் இருந்தாலும் பேஜ் ஃபைலுக்குப் போனாலும் சேர்த்தே கணக்கிடும்; அதனால் அப்படி ஏமாற்றாது.

படி 3: மணிக்கு ஒருமுறை அந்த எண்ணைத் தாளில் குறியுங்கள். ஏறி ஓர் அளவில் நின்றால் பயமில்லை. பிரௌசர் போன்றவை வேகத்துக்காகக் கொஞ்சம் சேர்த்து வைக்கும். கடையில் ஆளே இல்லாத மதியத்திலும் ஏறிக்கொண்டே போனால் அந்த நிரலைச் சந்தேகியுங்கள்.

படி 4: ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியில் மெமரியைத் திறந்து ‘கமிட்டெட்’ என்பதன் கீழுள்ள இரண்டு எண்களைப் பாருங்கள். முதல் எண், விண்டோஸ் இதுவரை மொத்தமாக வாக்குக் கொடுத்திருக்கும் நினைவகம். இரண்டாவது எண், ரேமும் பேஜ் ஃபைலும் சேர்ந்த எல்லை. முதல் எண் அதைத் தொட்டுவிட்டால், புதிதாக நினைவகம் கேட்கும் எந்த நிரலுக்கும் விண்டோஸ் மறுத்துவிடும். கசியவிட்டது ஒன்று, நின்றுபோவது வேறொன்று என்று ஆவது இதனால்தான். பேஜ் ஃபைலை நீக்கச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள், எல்லைதான் சுருங்கும்.

லினக்ஸின் வழி வேறு. கையில் இருப்பதைவிட அதிகமாகவே வாக்குக் கொடுக்கும். உண்மையிலேயே தட்டுப்பாடு வந்தால், கர்னலில் (இயங்குதளத்தின் மையப்பகுதி) உள்ள ‘ஓஓஎம் (அவுட் ஆஃப் மெமரி) கில்லர்’ ஒவ்வொரு நிரலுக்கும் மதிப்பெண் போட்டு, பெரும்பாலும் அதிக நினைவகம் பிடித்திருப்பதை நிறுத்திவிடும். எதை நிறுத்தியது என்பது கர்னல் பதிவில் இருக்கும்.

படி 5: சந்தேக நிரலை மதிய உணவு வேளையில் மூடித் திறங்கள். முழுக் கணினியையும் மறுபடி தொடங்கத் தேவையில்லை. புதிய பதிப்பு வந்திருந்தால் நிறுவுங்கள். இல்லையென்றால் குறித்து வைத்த நேரங்களையும் எண்களையும் மென்பொருள் விற்றவருக்கு அனுப்புங்கள். ‘மெதுவாக இருக்கிறது’ என்ற புகாரைத் தட்டிக்கழிக்கலாம். இந்தத் தாளைத் தட்டிக்கழிப்பது கடினம்.

எந்த நிரலும் ஏறவில்லை, ஆனால் படி 4-இன் மெமரி பக்கத்தில் தெரியும் ‘நான்-பேஜ்டு பூல்’ (பேஜ் ஃபைலுக்குத் தள்ள முடியாத, இயங்குதளமும் டிரைவர்களும் பயன்படுத்தும் நினைவகம்) மட்டும் ஏறுகிறதா? பெரும்பாலும் ஏதோ ஒரு டிரைவர்தான், அதாவது ஒரு கருவியை இயக்கும் மென்பொருள்தான், கசியவிடுகிறது. அப்போது மட்டும் கணினியை ரீஸ்டார்ட் செய்துவிட்டு, பிரின்டர், நெட்வொர்க் டிரைவர்களைப் புதுப்பியுங்கள்.