'பிக் டைம்': அழுத்தம் கடைசியில் வரும்

அமெரிக்கப் பேச்சில் அடிக்கடி காதில் விழும் 'பிக் டைம்' என்ற தொடரைப் 'பெரிய நேரம்' என்று பிரித்துப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. 'ஹீ மெஸ்டு அப் பிக் டைம்' என்றால், அவன் செய்தது ஏதோ சின்னச் சொதப்பல் அல்ல, படுசொதப்பல் என்று பொருள்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வாட்வில் எனப்படும் அமெரிக்கப் பல்சுவை மேடை நிகழ்ச்சிகளில், நாளொன்றுக்கு இரண்டே காட்சிகள் நடத்திக் கூடுதல் சம்பளம் கொடுத்த அரங்குகளைப் 'பிக் டைம்' என்றும், அதைவிட அதிகக் காட்சிகளில் கலைஞர்களைப் பிழிந்தெடுத்த அரங்குகளை 'ஸ்மால் டைம்' என்றும் அழைத்தார்கள். புகழின் உச்சிக்குப் போவதைக் குறிக்கும் 'ஹிட் த பிக் டைம்' அந்த மேடைகளின் எச்சம். அதில் 'த' வேண்டும். அழுத்தத்துக்காகச் சொல்லும்போது 'த' வரக் கூடாது.

பெரும்பாலோர் தவறுவது இடத்தில்தான். வசமாக மாட்டினான், அடியோடு மறந்தான் என்று நாம் அழுத்தத்தை வினைக்கு முன்னால் வைத்துப் பழகியவர்கள். அந்தப் பழக்கத்தில், 'படுதோல்வி அடைந்தான்' என்பதை 'ஹீ பிக் டைம் லாஸ்ட்' என்று சொல்லிவிடுகிறோம். 'ஹீ லாஸ்ட் பிக் டைம்' என்று வினைக்குப் பின்னால், வாக்கியத்தின் கடைசியில் வைப்பதே இயல்பு. 'வெரி' இருக்கும் இடத்தில் இதைப் போட முடியாது என்பதால் 'பிக் டைம் குட்' என்பதும் பிழை. தோற்பது, சொதப்புவது, எதிர்வினையாகத் திரும்பித் தாக்குவது, பலன் தருவது போன்ற வினைகளோடு இது நன்றாகப் பொருந்தும். பேருதவி செய்த நண்பரிடம் 'ஐ ஓ யூ பிக் டைம்' என்றால், இந்தக் கடனை எளிதில் தீர்க்க முடியாது என்று சொல்வதாகும்.

வினையே இல்லாமல் பதிலாகவும் இது தனித்து நிற்கும். 2000 செப்டம்பர் 4 அன்று, இல்லினாய் மாநிலத்தின் நேப்பர்வில் நகரில் நடந்த தேர்தல் கூட்டத்தில், ஒலிவாங்கி இயங்குவதை அறியாத அதிபர் வேட்பாளர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் ஒரு செய்தியாளரைக் கொச்சைச் சொல்லால் திட்ட, பக்கத்தில் நின்ற துணை அதிபர் வேட்பாளர் டிக் செனி 'பிக் டைம்' என்று ஆமோதித்தார். நம் ஊரில் அந்த இடத்தில் 'பின்னே!' என்றிருப்பார்கள்.

இது பேச்சு வழக்குக்கு மட்டுமே உரியது. அலுவலக மன்னிப்புக் கடிதத்தில் இதை எழுதினால், வருத்தம் தெரிவிப்பதாகத் தோன்றாது, விளையாட்டாகவே தொனிக்கும்.