லைற் எரிந்தவுடன் ஒட்சிசன் சென்சர் வாங்க ஓடாதீர்கள்

காரில் எஞ்சின் லைற் எரிந்து, பழுதைச் சொல்கிற ஸ்கானரில் ஒட்சிசன் சென்சர் என்று பெயர் வந்தால் போதும், அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியது வாங்குகிற பழக்கம் வன்னியில் ஓமந்தை தொடக்கம் பரந்தன் வரை எல்லா இடமும் இருக்கிறது. நான் மாங்குளத்தில் பழைய பெற்றோல் கார்கள் பார்க்கிறவன். 110 கொரொல்லா, நிசான் சன்னி, லான்சர் என்று தொண்ணூறுகளின் கார்கள்தான் அதிகம் வரும். "புதுச் சென்சர் போட்டும் லைற் அணையவில்லை அண்ணை" என்று வருகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: பழையதை, வோல்ட்டும் ஓமும் அளக்கிற மீற்றர் வைத்துப் பார்த்தீர்களா? பெரும்பாலும் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு டிஜிற்றல் மீற்றரின் விலை நல்ல சென்சர் ஒன்றின் விலையில் சிறு பங்குதான்.

முதலில் அது என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். எஞ்சினில் எரிந்து வெளியே போகிற புகையில் எவ்வளவு ஒட்சிசன் மிச்சம் இருக்கிறது என்று பார்த்து, அதற்கேற்ற வோல்ட்டைக் காரின் கம்பியூட்டருக்கு அனுப்புகிறது. பெற்றோல் கூடினால் 0.9 வோல்ட் அளவு, குறைந்தால் 0.1 அளவு. நிறைப்படி 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெற்றோல் என்ற கணக்கைச் சுற்றித்தான் கம்பியூட்டர் கூட்டியும் குறைத்தும் கொண்டிருக்கும். அதனால் நல்ல சென்சரின் வோல்ட் ஒரு இடத்தில் நிற்காது, மேலும் கீழும் ஓடிக்கொண்டே இருக்கும். இன்னொன்று, சுமார் 300 பாகை செல்சியஸ் சூடு ஏறாமல் இது வேலை செய்யாது. அதற்காகத்தான் பல சென்சர்களுக்குள் ஒரு ஹீற்றர் வைத்திருக்கிறார்கள்.

பெற்றோல் வழமையைவிடக் கூடக் குடிப்பது, தீப்பொறிப் பிளக் கறுப்பது, நின்ற இடத்தில் எஞ்சின் தடுமாறுவது, வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப் போகும்போது புகைப் பரிசோதனையில் விழுவது எல்லாம் இதன் அறிகுறிகள். ஆனால் இதே அறிகுறிகளை வேறு பத்துப் பழுதுகளும் காட்டும்.

பழுதைச் சொல்கிற கோட் எடுப்பது எப்படி? 16 பின் சொக்கற் உள்ள காருக்கு ஸ்கானர் போடலாம். ஜப்பான் உள்நாட்டுக்குச் செய்த பழைய கார்களில் மலிவு புளூடூத் ஸ்கானர்கள் பல நேரம் தொடர்பே எடுக்காது. அதற்காகக் கார் கம்பியூட்டர் செத்துவிட்டது என்று பயப்படத் தேவையில்லை. பழைய டொயோட்டாவில் பொனற்றுக்குள் இருக்கும் சோதனைப் பெட்டியைத் திறந்து டிஈ1, ஈ1 என்ற இரண்டு ஓட்டைகளையும் ஒரு வயர்த் துண்டால் இணைத்துத் திறப்பை ஓன் பண்ணுங்கள். எஞ்சின் லைற் கண்சிமிட்டும். இரண்டு சிமிட்டு, சின்ன இடைவெளி, ஒரு சிமிட்டு என்றால் 21, அதுதான் ஒட்சிசன் சென்சர். 25 என்றால் கலவையில் பெற்றோல் குறைவு, 26 என்றால் கூடுதல். மூடியின் உட்பக்கத்தில் பெயர்கள் எழுதியிருக்கும், வாசித்துவிட்டுச் செருகுங்கள்.

மீற்றரைத் தொட முதல் கண்ணால் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. எங்கள் பக்கத்தில் முதல் எதிரி எலி. நெல்மூட்டை அடுக்கிய கொட்டிலுக்குப் பக்கத்தில் காரை விட்டால் இரவில் வயர் கடிக்காமல் விடாது. ஒட்டுசுட்டானில் இருந்து ஒரு மாஸ்டர் பி0135 என்ற கோட்டோடு வந்தார். அது ஹீற்றர் கோட். கையில் புதுச் சென்சர் பெட்டியும் கொண்டு வந்திருந்தார். காருக்குக் கீழே படுத்துப் பார்த்தால், சென்சருக்குப் போகிற வயரின் உறை இரண்டு விரல் நீளத்துக்கு இல்லை. உள்ளே இருக்கும் செம்பு, காரின் பொடித் தகட்டில் பட்டு ஃபியூஸ் எரிந்திருக்கிறது. வயரை மாற்றி ஃபியூஸ் போட்டேன், லைற் அணைந்தது. பெட்டியைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். "அப்ப சென்சர் நல்லதோ?" என்று போகும் வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்தது சைலன்சர் ஒழுக்கு. சென்சருக்கு முன்னால், எஞ்சினில் இருந்து புகை வெளியேறும் மேனிபோல்ட் குழாயின் கஸ்கற் வெடித்திருந்தால் அந்த வெடிப்பால் வெளிக்காற்று உள்ளே போகும். சென்சர் அந்த ஒட்சிசனைக் கண்டு பெற்றோல் குறைவு என்று சொல்லும், கம்பியூட்டர் அதை நம்பி மேலும் ஊற்றும். எஞ்சின் குளிராக இருக்கும்போது திறந்த வெளியில் ஸ்ராட் பண்ணி, சைலன்சர் வாயைத் தடித்த துணியால் ஒருவர் கொஞ்ச நேரம் பொத்த, மற்றவர் மேனிபோல்ட் பக்கம் காது கொடுத்தால் சீறல் கேட்கும். கஸ்கற் விளிம்பில் கரிக்கோடு தெரிந்தாலும் அதுதான். மூடிய கராஜுக்குள் இதைச் செய்யாதீர்கள், புகை ஆளைக் கொல்லும்.

தீப்பொறிப் பிளக் அல்லது கொயில் ஒன்று சரியாக அடிக்காவிட்டாலும் இதே கதைதான். எரியாத சிலிண்டரின் ஒட்சிசன் அப்படியே வெளியே வரும், சென்சர் பெற்றோல் குறைவு என்றே காட்டும். ஆகவே மிஸ் அடிக்கிற எஞ்சினில் சென்சரைச் சோதிப்பதில் அர்த்தமே இல்லை. முதலில் மிஸ்ஸைத் தீருங்கள்.

சரி, இனி மீற்றர். சென்சரின் பிளக்கைக் கழற்றி, எஞ்சின் குளிராக இருக்கும்போதே ஹீற்றரை அளக்கலாம். மூன்று அல்லது நான்கு வயர் சென்சரில் ஒரே நிறத்தில் இருக்கிற இரண்டும் ஹீற்றருக்குரியவை. டென்சோ கம்பனியின் சென்சரில் அநேகமாக இரண்டும் கறுப்பு, சிக்னல் நீலம், ஏர்த் வெள்ளை. என்ரிகே, பொஷ் என்றால் ஹீற்றர் இரண்டும் வெள்ளை, சிக்னல் கறுப்பு, ஏர்த் சாம்பல். டொயோட்டாவின் பல சென்சர்களில் ஹீற்றர் 20 பாகையில் 11 முதல் 16 ஓம் வரை காட்டும். எங்கள் வெயிலில் கொஞ்சம் கூடக் காட்டினால் பரவாயில்லை. மீற்றர் எதுவுமே காட்டாவிட்டால் ஹீற்றர் அறுந்துவிட்டது. ஹீற்றர் நல்லதென்றால், எஞ்சின் ஓடும்போது கார்ப் பக்கத்துப் பிளக்கில் 12 வோல்ட்டுக்குக் குறையாமல் வருகிறதா என்று பாருங்கள். ஒற்றை வயர் சென்சருக்கு இந்தச் சோதனை கிடையாது.

இனித்தான் முக்கியமானது. பிளக்கைத் திரும்ப மாட்டி, சிக்னல் வயர் போகிற ஓட்டையின் பின்பக்கத்தால் ஒரு குண்டூசியைச் செருகி, அதில் மீற்றரின் சிவப்பை வையுங்கள். வயரின் உறையைக் குத்தித் துளைக்க வேண்டாம். பல சென்சர்கள் ஒப்பிட்டுப் பார்க்கத் தேவையான வெளிக்காற்றை வயர் இழைகளின் இடுக்கால்தான் எடுக்கின்றன. பிளக்குக்குள் கிறீஸ் பூசுவதும் வயரை ஈயம் வைத்து ஒட்டுவதும் அதே காரணத்தால் கூடாது. மீற்றரை 2 வோல்ட் டிசியில் வையுங்கள். சிக்னல் வயரில் ஓம் அளக்காதீர்கள், சென்சரே பழுதாகலாம்.

எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, நிமிடத்துக்கு 2500 சுற்றில் இரண்டு நிமிடம் வைத்திருங்கள். இலக்கங்கள் 0.1க்கும் 0.9க்கும் இடையில் துள்ள வேண்டும். பழைய டொயோட்டாக் கையேடுகள் 10 செக்கனில் 8 தடவையாவது மாற வேண்டும் என்கின்றன. மலிவு மீற்றர் அந்த வேகத்தைப் பிடிக்காது, ஆனாலும் துள்ளுகிறதா, தூங்குகிறதா என்று தெரியும்.

ஒரே இடத்தில் நின்றால் உடனே தீர்ப்புச் சொல்லக் கூடாது. அக்சிலேற்றரைச் சட்டென்று மிதித்து விடுங்கள். மிதிக்கும்போது 0.8க்கு மேல் ஏறி, விடும்போது பூச்சியத்துக்குக் கிட்ட இறங்கினால் சென்சர் உயிரோடு இருக்கிறது. பிறகு ஒரு வெற்றிடக் குழாயைக் கழற்றிக் காற்று விடுங்கள், வோல்ட் விழ வேண்டும். இப்படி அசைகிற சென்சர் சும்மா ஓடும்போது 0.1லேயே நின்றால், அது சொல்வது உண்மை: எஞ்சினுக்குப் பெற்றோல் போதவில்லை. பில்டர் அடைப்பு, பம்ப், வெடித்த வெற்றிடக் குழாய் என்று தேடுங்கள். காற்று பில்டர் கிழிந்து கிரவல் வீதிப் புழுதி காற்றளவுச் சென்சரில் படிந்தாலும் இப்படி வரும். எதற்குமே அசையாமல் கிடந்தால் மட்டும் அது செத்தது. அசைந்தும் மந்தமாக அசைந்தால் கிழடு தட்டிவிட்டது, அதையும் மாற்றலாம்.

இவ்வளவும் பழைய சாதாரண சென்சருக்குத்தான். 2000க்குப் பிந்திய சில டொயோட்டாக்களில் முன்பக்கம் இருப்பது காற்று-பெற்றோல் விகிதத்தை அளக்கிற ஏ/எஃப் சென்சர். அது துள்ளாது, வோல்ட்டும் வேறு கணக்கு. அதை இப்படி அளந்து பழுது என்று முடிவுகட்டாதீர்கள்.

கழற்றினால் நுனியைப் பாருங்கள். கரி படிந்திருந்தால் பெற்றோல் கூடுதல். சுண்ணாம்பு போல வெள்ளை என்றால் சிலிக்கோன். எஞ்சினின் மேல்மூடியான தப்பற் கவரில் சிவப்புச் சிலிக்கோனை அள்ளிப் பூசுகிற கராஜ்களின் கைவண்ணம் அது. சென்சருக்குப் பாதுகாப்பானது என்று எழுதியிருக்கிற சிலிக்கோனை, மெல்லிசாகப் பூச வேண்டும்.

மண்ணெண்ணெய் பற்றியும் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்காலத்தில் இங்கே ஒஸ்ரின் ஏ40 சோமசெற், மொறிஸ் மைனர் என்ற பழைய கார்கள் கொஞ்சப் பெற்றோலில் ஸ்ராட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடின. அவற்றில் சென்சரும் இல்லை, புகையைச் சுத்தமாக்கும் கற்றலிற்றிக் கொன்வேட்டரும் இல்லை. அந்தத் துணிச்சலில் 2022 எரிபொருள் தட்டுப்பாட்டின்போது இஞ்செக்ஷன் காருக்கும் கலந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். சென்சர் கரி பிடித்துப் போகும். கலப்படம் என்று சந்தேகம் வந்தால் வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விடுங்கள். நல்ல பெற்றோல் சீக்கிரம் காய்ந்துவிடும், மண்ணெண்ணெய் எண்ணெய்க்கறை விட்டுப் போகும்.

மாற்றத்தான் வேண்டுமென்றால், இளஞ்சூட்டில் 22 மில்லிமீற்றர் ஸ்பானரால் கழற்றுங்கள். துருவுக்கு எண்ணெய் அடித்து முதல் நாள் இரவே ஊறவிட்டால் புரி அறாது. புதியதில் புரிக்கு மட்டும், இறுகிப் பிடிக்காமல் காக்கிற அன்ரி சீஸ் பூசுங்கள், நுனியில் படக் கூடாது. பாவித்த சென்சர் வாங்குவதென்றால் கடையிலேயே ஹீற்றரை அளந்து பாருங்கள், அளக்க விடாத கடையில் வாங்காதீர்கள். மாட்டிய பிறகு பழைய டொயோட்டாவில் ஈஎஃப்ஐ ஃபியூஸை ஒரு நிமிடம் கழற்றிப் போட்டால் கோட் அழியும். மாங்குளத்தில் இருந்து முறிகண்டிப் பிள்ளையாரடி வரை ஓடிவிட்டு வந்து, இன்னொரு தடவை டிஈ1, ஈ1 இணைத்துப் பாருங்கள். லைற் இடைவிடாமல் ஒரே சீராகச் சிமிட்டினால் கோட் எதுவும் இல்லை.