பிள்ளைகளின் கையில் பண்டிகை: கிறிஸ்தவ வீட்டு வழக்கங்களை வளர்க்கும் முறை

கிறிஸ்தவக் குடும்பங்களில் பண்டிகைக்குக் குறைவில்லை. திருவருகைக் காலம், கிறிஸ்துமஸ், புத்தாண்டு, தவக்காலம், குருத்தோலை ஞாயிறு, பெரிய வெள்ளி, உயிர்த்தெழுதல், அறுப்பின் பண்டிகை, கல்லறைத் திருநாள் என்று ஆண்டு முழுவதும் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கின்றன. ஆனால் இவற்றில் பிள்ளைகளின் பங்கு என்னவென்று பார்த்தால், புத்தாடை உடுத்துவதும், பலகாரம் உண்பதும், ஆராதனை முடியும்வரை சத்தம் போடாமல் உட்கார்ந்திருப்பதுமே பெரும்பாலும் மிஞ்சுகிறது. வேதாகமம் காட்டும் வழி வேறு. யாத்திராகமம் 12ஆம் அதிகாரத்தில், எகிப்திலிருந்து பெற்ற விடுதலையை நினைவுகூரும் பஸ்கா பண்டிகையை ஆசரிக்கும் முறை சொல்லப்படும் இடத்திலேயே, இந்த ஆராதனையின் கருத்து என்னவென்று பிள்ளைகள் கேட்பார்கள் என்பதும், பெற்றோர் அதற்கு விடை சொல்ல வேண்டும் என்பதும் சேர்ந்தே வருகின்றன. இஸ்ரவேலர் யோர்தான் ஆற்றைக் கடந்தபோது அதிலிருந்து எடுத்த பன்னிரண்டு கற்களும் பின்னாளில் பிள்ளைகள் கேட்க வேண்டும் என்பதற்காகவே நாட்டப்பட்டன. ஆகவே வீட்டு வழக்கம் ஒவ்வொன்றையும் இரண்டு கேள்விகளால் சோதித்துப் பார்க்கலாம். இதில் பிள்ளையின் கைக்கு ஒரு வேலை இருக்கிறதா? ‘இது ஏன்?’ என்று பிள்ளை கேட்க இடமிருக்கிறதா? இரண்டும் இல்லாத வழக்கத்தை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், விட்டுவிடலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

எல்லாவற்றுக்கும் அடித்தளம் இரவுக் குடும்ப ஜெபம். தினமும் ஒன்றாக உட்காராத குடும்பம் பண்டிகை நாளில் மட்டும் ஒன்றாக உட்கார்ந்தால் பிள்ளைகளுக்கு அது அந்நியமாகவே இருக்கும். பத்து நிமிடம் போதும். ஒரு பாட்டு, சில வசனங்கள், ஒரு சிறு ஜெபம். பாட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பிள்ளைக்குக் கொடுங்கள். வாசிக்கத் தெரிந்தவுடன் வசனத்தை அதுவே வாசிக்கட்டும். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) போன்றோர் இயற்றிய கீர்த்தனைகளில் ஆண்டுக்கு இரண்டு மூன்றையாவது முழுவதுமாக மனப்பாடம் செய்யவையுங்கள். சொற்கள் கடினமாயிற்றே என்று தயங்க வேண்டியதில்லை. ஐந்து வயதுப் பிள்ளை பொருள் தெரியாமலே பாடிய வரிக்குப் பத்து வயதில் பொருள் கேட்கும்.

திருவருகைக் காலம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்டது. அதன் முதல் ஞாயிறு நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் வரும். இது காத்திருக்கும் காலம். காத்திருப்பது பிள்ளைகளுக்கு மிகவும் கடினம் என்பதாலேயே அதற்கு ஓர் உருவம் கொடுக்க வேண்டும். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்காக இல்லம் நடத்திய யோஹான் ஹின்ரிஹ் விஹெர்ன் என்ற போதகர், 1839ஆம் ஆண்டில் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தில் மெழுகுவத்திகளைப் பொருத்தி நாளுக்கு ஒன்றாக ஏற்றினார். கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று பிள்ளைகள் ஓயாமல் கேட்டதற்கு அதுவே விடையாக அமைந்தது என்பர். நம் வீட்டுக்கு நான்கு மெழுகுவத்திகள் போதும். ஒரு தாம்பாளத்தில் மணலைப் பரப்பி, மாவிலையோ வேப்பிலையோ சுற்றிலும் வைத்து, நான்கையும் அதில் ஊன்றுங்கள். முதல் ஞாயிறு ஒன்று, அடுத்த ஞாயிறு இரண்டு என்று ஏற்றிவர வேண்டும். ஏற்றுவது பெரியவர், ஊதி அணைப்பது வீட்டின் கடைக்குட்டி. மேலும் டிசம்பர் 1 முதல் 24 வரை லூக்கா நற்செய்தியில் நாளுக்கு ஓர் அதிகாரம் வாசித்தால், கிறிஸ்துமஸ் இரவுக்குள் இருபத்துநான்கு அதிகாரங்களும் முடிந்துவிடும். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் அதிகாரம் முழுவதையும் வாசிக்காமல் ஒரு நிகழ்ச்சியை மட்டும் எடுத்துக்கொள்வதே நல்லது.

நட்சத்திரத்தைக் கடையில் வாங்குவது எளிதுதான். ஆயினும் ஓர் ஆண்டாவது அதை வீட்டிலேயே கட்டிப் பாருங்கள். ஒரே நீளமுள்ள பத்து மூங்கில் சிலாம்புகள் வேண்டும். ஐந்தைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து நுனிகளைச் சணல் நூலால் கட்டினால் ஐந்து முனை நட்சத்திரம் ஒன்று கிடைக்கும். மற்ற ஐந்தில் இன்னொன்று கட்டுங்கள். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து, ஐந்து முனைகளையும் சேர்த்துக் கட்டிய பிறகு, உள்ளே சிலாம்புகள் ஒன்றையொன்று வெட்டும் ஐந்து இடங்களிலும் ஒரு சாண் நீளத்துக்குக் குறைவான சிறு குச்சிகளை இரண்டு சட்டங்களுக்கும் நடுவே நிறுத்த வேண்டும். அப்போதுதான் நட்சத்திரம் வயிறு உப்பி நிற்கும், விளக்கு வைக்க உள்ளே இடம் கிடைக்கும். சிலாம்பைச் சீவுவதும் கட்டுவதும் அப்பாவின் வேலை, அல்லது தாத்தாவின் வேலை. வண்ணத்தாளை வெட்டுவதும் மைதாப் பசை காய்ச்சி ஒட்டுவதும் பிள்ளைகளுக்கு உரியவை. சூடேறாத சிறு எல்.ஈ.டி. பல்பை மட்டுமே உள்ளே மாட்ட வேண்டும். தாள் சுருங்கியிருந்தாலும் அதைப் பிய்த்துவிட்டு நீங்கள் ஒட்டாதீர்கள். வாசலில் தொங்குவது பிள்ளை ஒட்டியதாகவே இருக்கட்டும்.

குடிலைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் பிள்ளைகளுக்கு இதைவிடச் சிறந்த வேதபாடம் இல்லை. அசிசியின் புனித பிரான்சிஸ் 1223ஆம் ஆண்டு இத்தாலியின் கிரேச்சோ என்ற ஊரில் வைக்கோலும் மாடும் கழுதையுமாகக் கிறிஸ்து பிறப்பின் காட்சியை அமைத்தது, எளிய மக்கள் அதைக் கண்ணால் காண வேண்டும் என்பதற்காகவே. டிசம்பர் நடுவில் இரண்டு தட்டையான தட்டுகளில் மண் பரப்பி, ஊறவைத்த கேழ்வரகைப் பிள்ளைகளே தூவட்டும். நாள்தோறும் தண்ணீர் தெளித்துவந்தால் பண்டிகைக்குள் அது பச்சைப் புல்வெளியாகிவிடும். மலைக்குச் சாக்குத் துணி, ஆற்றுக்கு மணல், தொழுவத்துக்குத் தென்னை ஓலை என்று வீட்டில் இருப்பதைக் கொண்டே அமைக்கலாம். சொரூபங்களை ஒரே நாளில் வைத்துவிடாதீர்கள். முதலில் ஆடுமாடுகள் மட்டும் நிற்கட்டும். மரியாளும் யோசேப்பும் வீட்டின் மறுகோடியிலிருந்து புறப்பட்டு, நாளுக்குச் சிறிது தூரமாக அலமாரி, ஜன்னல், மேசை என்று நகர்ந்து பெத்லகேம் வந்து சேரட்டும். தீவனத் தொட்டி 24ஆம் தேதி இரவுவரை காலியாகவே இருக்க வேண்டும். நடு இரவு ஆராதனை முடிந்து வந்தவுடன் வீட்டின் இளைய பிள்ளை பாலன் இயேசுவை அதில் கிடத்தட்டும். கிழக்கிலிருந்து வந்த ஞானிகள் அப்போதுதான் பயணத்தைத் தொடங்குவார்கள். ஜனவரி 6ஆம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாளன்று, குடிலை அடைவார்கள். கிறிஸ்துமஸ் மறுநாளே பண்டிகை முடிந்துவிட்டது என்று வாடும் பிள்ளைக்கு இதனால் இன்னும் பன்னிரண்டு நாள் வேலை இருக்கும். வீட்டில் சொரூபம் வைக்கும் வழக்கமில்லாத சபையினர் இதையே அட்டையில் வரைந்து வெட்டிய படங்களைக் கொண்டு செய்யலாம்.

பலகாரம் சுடும் நாளில் பிள்ளைகளைச் சமையலறையிலிருந்து விரட்டுவது வழக்கம். எண்ணெய்ச் சட்டிக்கு அருகே அவர்கள் வரக் கூடாது என்பது உண்மையே; அச்சுமுறுக்கின் அச்சைக் கொதிக்கும் எண்ணெயில் சூடாக்கி மாவில் தோய்த்து மீண்டும் எண்ணெயில் இறக்கும் வேலை முழுவதும் பெரியவர்களுடையது. ஆனால் முந்திரிக்கொத்துக்கு வறுத்த பாசிப்பயற்று மாவும் தேங்காயும் எள்ளும் ஏலக்காயும் வெல்லப் பாகுடன் சேர்ந்து கைபொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு, உருண்டை பிடிக்கச் சின்னக் கைகளே மிகவும் ஏற்றவை. கலகலாவுக்குத் தேய்த்த மாவைச் சாய்சதுரமாக வெட்டுவதும் அவர்களால் முடியும். அடுத்து வரும் வேலையே முக்கியமானது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ரம்ஜானுக்கும் நம் வீட்டுக்குப் பலகாரமும் பிரியாணியும் அனுப்பியவர்கள் யார் யார் என்று பிள்ளைகளே பட்டியல் எழுதட்டும். அந்த வீடுகளுக்கு அவர்களே தட்டெடுத்துச் செல்லட்டும். ‘வணக்கம் அத்தை, இன்று எங்கள் பண்டிகை, அம்மா கொடுக்கச் சொன்னார்கள்’ என்று பிள்ளை சொல்லும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியுள்ள நட்பையும் மரியாதையையும் எந்தச் சொற்பொழிவாலும் கற்பிக்க முடியாது.

பரிசு விஷயத்தில் பெற்றோர் தெளிவாக இருப்பது நல்லது. கிறிஸ்துமஸ் தாத்தா இரவில் வந்து வைத்தார் என்று சொல்லிவிட்டுப் பின்னால் விழிப்பதைவிட, மீரா என்ற ஊரின் ஆயராக இருந்த புனித நிக்கோலாஸைப் பற்றி அவருடைய நினைவு நாளான டிசம்பர் 6ஆம் தேதி சொல்லிவிடலாம். அவர் பெயர் தெரியாமல் கொடுத்தவர் என்பது மரபு. அவ்வாறே பிள்ளைகளும் யாருக்கேனும் பெயர் சொல்லாமல் ஒரு பொருள் வாங்கிக் கொடுக்கும் ஏற்பாட்டைச் செய்யுங்கள். பண்டிகைத் துணி எடுக்கப் போகும்போதே நம் பிள்ளையின் வயதுடைய இன்னொரு பிள்ளைக்கும் ஒன்று எடுத்துவிட வேண்டும். அதன் நிறத்தை நம் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். தனக்கு எடுத்ததைவிடத் தரம் குறைந்ததாக அது இருந்தால் பிள்ளை உடனே கண்டுபிடித்துவிடும் என்பதைப் பெரியவர்கள் மறக்கக் கூடாது.

வீடுவீடாகச் சென்று பாடும் கேரல் ரவுண்ட்ஸ், டிசம்பர் 31 இரவு ஆராதனை, அந்த ஆண்டுக்கென்று தரப்படும் வாக்குத்தத்த வசனம் ஆகியவை பெரும்பாலும் சபையாரால் நடத்தப்படுவதால் வீட்டில் செய்ய வேண்டியது குறைவு. வாக்குத்தத்த அட்டையைச் சுவரில் ஒட்டுவதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு மாத முதல் நாளிலும் பிள்ளையைக் கொண்டு உரக்க வாசிக்கச் செய்தால் அது டிசம்பர் வரை மனத்தில் நிற்கும்.

உயிர்த்தெழுதலின் பண்டிகைக்கு முந்தைய தவக்காலம் ஞாயிறுகளை நீக்கி நாற்பது நாட்கள். சிறு பிள்ளைகளை உபவாசம் இருக்கச் சொல்ல வேண்டாம். வளரும் உடலுக்கு அது தகாது. மிட்டாய், கைப்பேசி விளையாட்டு போன்ற ஏதேனும் ஒன்றைப் பிள்ளையே தேர்ந்து விடட்டும். வீட்டில் இறைச்சி வாங்காத நாட்களில் மிச்சமாகும் பணத்தை ஒரு மண் உண்டியலில் பிள்ளையின் கையாலேயே போடச் செய்யுங்கள். உண்டியலை உடைக்கும் நாளையும், பணம் யாருக்குப் போகிறது என்பதையும் முதல் நாளே முடிவு செய்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அது பள்ளிச் செலவில் கரைந்துவிடும்.

குருத்தோலை ஞாயிறன்று ஆலயத்தில் கிடைக்கும் ஓலையில் சிலுவை செய்யக் கற்றுக்கொடுங்கள். ஈர்க்கை நீக்கி, ஒரு விரல் அகலமுள்ள ஓலையில் நீளமான துண்டொன்றும் அதில் பாதி நீளத் துண்டொன்றும் நறுக்கிக் குறுக்காக வைத்து, மெல்லிய ஓலை நாரால் நடுவில் பெருக்கல் குறிபோல் முன்னும் பின்னுமாகச் சுற்றி முடிச்சிட்டால் போதும். ஓலை வாடுவதற்குமுன் செய்தால் வெடிக்காது. அதை வேதாகமத்துக்குள்ளோ படத்துக்குப் பின்னோ அடுத்த ஆண்டுவரை வைத்திருக்கலாம். தவக்காலத்தின் முதல் நாளான சாம்பல் புதனுக்கான சாம்பல் முந்தைய ஆண்டுக் குருத்தோலைகளை எரித்தே பல ஆலயங்களில் எடுக்கப்படுகிறது. தான் செய்த சிலுவையைப் பிள்ளையே கொண்டுபோய்க் கொடுக்கும்போது கேள்விகள் தாமாக வரும்.

பெரிய வெள்ளியின் மும்மணி நேர ஆராதனையில் நான்கு வயதுப் பிள்ளையால் பன்னிரண்டு முதல் மூன்று மணிவரை அசையாமல் இருக்க முடியாது. அதற்காக அதை அடிப்பது அந்த நாளுக்கே பொருந்தாது. ஒரு மணி நேரம் அழைத்துச் சென்று, மீதி நேரம் வீட்டில் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுக் கஞ்சி குடித்து அமைதியாக இருந்தால் போதும். இயேசு ஏன் மரித்தார் என்று கேட்டால் மழுப்பாமல், அச்சமூட்டும் வருணனைகள் இல்லாமல், நமக்காக மரித்தார், மூன்றாம் நாள் எழுந்தார் என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள். மரணத்தை மட்டும் சொல்லிவிட்டு மீதியை ஞாயிறுக்கு ஒத்திவைப்பது சிறு பிள்ளைகளுக்குப் பெரிய பாரம்.

உயிர்த்தெழுதலின் பண்டிகை, மார்ச் 21 அல்லது அதன் பின் வரும் பௌர்ணமியை அடுத்த ஞாயிறன்று வருகிறது. 2027இல் அது மார்ச் 28. மொட்டை மாடியில் நின்று நிலா வளர்வதைப் பிள்ளைகளுடன் பார்த்து நாளைக் கணக்கிடுவது மகிழ்ச்சியான வழக்கம். இருட்டோடு எழுப்பி அதிகாலை ஆராதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். தூக்கம் கலையாத கண்களோடு பார்க்கும் அந்தச் சூரிய உதயத்துக்கு ஈடாக முட்டையும் முயலும் நிற்காது. இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ளும் வீடுகளோடு எனக்கு வழக்கு எதுவும் இல்லை.

அறுப்பின் பண்டிகை நடக்கும் நாள் சபைக்குச் சபை மாறும். உங்கள் சபையின் தேதியைக் கேட்டு, அதற்கு ஒரு மாதம் முன்பே தொட்டியில் கீரை விதைக்கச் சொன்னால், பிள்ளை தன் சொந்த விளைச்சலையே காணிக்கையாகக் கொண்டுபோகலாம். அந்தக் கீரைக்கட்டைக் காணிக்கைப் பொருட்களின் ஏலத்தில் ஒருவர் பல மடங்கு விலைக்கு எடுக்கும்போது அருகில் நிற்கச் செய்யுங்கள். கொடுத்ததும் எடுத்ததும் ஆண்டவருக்காகவே என்பதை அங்கேயே விளக்கிவிடலாம்.

நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாளுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லத் தயங்குவோர் உண்டு. பகலில், பூவும் தண்ணீரும் கொடுத்து அழைத்துச் சென்றால் அச்சம் வராது. புல் பிடுங்குவதும் கல்லைக் கழுவுவதும் அவர்கள் வேலை. கல்வெட்டில் உள்ள பெயரை வாசிக்கச் சொல்லி, இவர் உனக்குப் பூட்டனார், இவர் இந்த ஊருக்கு இன்ன வேலையாக வந்தார், இவருக்கு இந்தப் பாட்டுப் பிடிக்கும் என்று ஆளுக்கு ஒரு செய்தியாவது சொல்லுங்கள்.

தாய்வீடு கத்தோலிக்கமும் தந்தைவீடு சீர்திருத்த சபையுமாக இருக்கும் குடும்பங்களில் வழக்கங்கள் மோதுவது இயல்பு. பிள்ளைகள் முன்னால் ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்தாமல், இரு பக்கத்துப் பாட்டிகளிடமும் ஒவ்வொரு வழக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் தொடங்கவும் வேண்டாம். ஒன்றிரண்டை எடுத்து, மூன்று ஆண்டுகள் விடாமல் செய்தாலே, அடுத்த ஆண்டு பிள்ளைகள் தாங்களாகவே நினைவூட்டத் தொடங்குவார்கள். இவற்றையெல்லாம் எழுதிவைக்க ஒரு தடித்த நோட்டு வாங்குங்கள். எத்தனை படி மாவுக்கு எவ்வளவு வெல்லம் பிடித்தது, குடிலுக்குக் கேழ்வரகை எந்தத் தேதியில் விதைத்தோம், எந்தெந்த வீடுகளுக்குத் தட்டு போயிற்று, பிள்ளை கேட்ட கேள்வி என்ன, நாம் சொன்ன விடை என்ன என்று பண்டிகை முடிந்த வாரத்திலேயே எழுதி, குடில் சாமான்கள் இருக்கும் பெட்டிக்குள் போட்டுவையுங்கள். அடுத்த டிசம்பரில் பெட்டியைத் திறப்பவர் முதலில் அதை எடுத்து வாசித்துவிட்டு வேலையைத் தொடங்கலாம்.