கடற்காற்றுக்கு நடுவில் ஓர் அல்ஃபா ரோமியோ எஞ்சின்: வீட்டிலேயே பிரித்துப் பூட்டுவது எப்படி?

திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டுப் பின்விறாந்தை மேசையில் இத்தாலியக் காரான அல்ஃபா ரோமியோ ஜூலியா ஒன்றின் எஞ்சின் ஏழு மாதம் கிடந்தது. 1962இல் ஜூலியாவுடன் வந்த 1570 சிசி எஞ்சின். சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டில், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் தண்டுகள் இரண்டு. பெயரைக் கேட்டாலே மெக்கானிக்மார் கையை விரிப்பார்கள். ஆனால் புதிதாகப் பழகுபவருக்கு இது தோதான எஞ்சின். எஞ்சினின் உடலான அலுமினிய பிளாக்குக்குள், பிஸ்டன் ஓடும் வார்ப்பிரும்புக் குழாய்களான லைனர்கள் தனித்தனியாக இறங்கி நிற்கின்றன. சிலிண்டர் தேய்ந்துவிட்டால் அதைக் குடைந்து சீராக்கும் போரிங் வேலைக்கு அலைய வேண்டாம். லைனரும் பிஸ்டனும் சேர்ந்த செட்டை வாங்கி மாற்றிவிடலாம். திருகோணமலையில் இந்த எஞ்சினைத் தின்பது உப்புத்தான்.

முதலில், காலம் பாருங்கள். வாடைக்காற்று வீசும் மாதங்களில் தொடங்காதீர்கள். துடைத்து வைத்த இரும்புப் பாகத்தில் மறுநாள் காலையே கறள் படரும். நான் மாசியில் தொடங்கினேன்.

இரண்டாவது, கழற்றுதல். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுமுன் படம் எடுங்கள். கேம்ஷாஃப்டை எடுப்பதற்குமுன் அதைச் சுழற்றும் டைமிங் செயினைக் கம்பியால் கட்டிவிடுங்கள். உள்ளே விழுந்தால் அரைநாள் போய்விடும். வால்வுகளின் மேல் இருக்கும் எட்டுக் கிண்ணங்களும் அவற்றின் அடியில் உள்ள சிறு வில்லைகளும் இடம் மாறக் கூடாது. முட்டைத் தட்டு ஒன்றில் குழிக்கொரு எண் எழுதி வைத்தேன். கடையில் விற்கும் எந்தப் பெட்டியும் அதற்கு ஈடில்லை.

மூன்றாவது, ஹெட்டைத் தூக்குவது. அவசரக்காரர்கள் தோற்பது இங்கேதான், நானும் தோற்றேன். முன்பு காரை வைத்திருந்தவர் ரேடியேட்டருக்குக் கிணற்றுத் தண்ணீரே ஊற்றி வந்திருக்கிறார். உவர்நீர் படும் இடத்தில் இரும்பும் அலுமினியமும் ஒட்டி நின்றால் அலுமினியம் அரித்து வெள்ளை மாவாகும். அந்த மாவு, ஹெட்டைப் பிடித்து நிற்கும் ஸ்டட்டுகள் என்ற ஆணிகளைச் சுற்றி இறுகியிருந்தது. பொறுமையிழந்து ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே ஸ்குரூட்ரைவரைச் செருகி நெம்பினேன். நக நீளத்துக்கு ஒரு கீறல். லேத்தில் கொடுத்து முகத்தைச் சீவியெடுக்க வேண்டியதாயிற்று. நீங்கள் ஒவ்வொரு ஸ்டட்டின் அடியிலும் கறள் இளக்கும் ஒயிலை மூன்று நான்கு நாட்கள் காலை மாலை விட்டு, மரச் சுத்தியலால் பக்கங்களில் மெல்லத் தட்டுங்கள். அசையும். ஹெட் வந்த பிறகு, லைனர்களைப் பட்டை வைத்து அழுத்திப் பூட்டாமல், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கைச் சுற்றக் கூடாது. லைனர் மேலெழும்பி அடியிலுள்ள சீல் கெட்டுவிடும்.

நான்காவது, கழுவுதல். மண்ணெண்ணெயும் தூரிகையும், பிறகு சவர்க்காரமும் சுடுநீரும். கோஸ்டிக் சோடா கிட்டவே வரக்கூடாது. அது அலுமினியத்தைக் கரைத்துவிடும். நிலாவெளி மணலை அடித்துச் சுத்தமாக்கலாமா என்று நண்பர் ஒருவர் உண்மையாகவே கேட்டார். ஒயில் துளையில் ஒரு மணல் தங்கினாலும் பேரிங்குக்குக் கேடு. அந்த மணலில் உப்பும் உண்டு. பழைய எக்ஸோஸ்ட் வால்வுகளை வெட்டி வேறெதற்கும் பயன்படுத்த வேண்டாம். உள்ளே சோடியம் அடைத்த வால்வுகள் இந்த எஞ்சின்களில் வந்தன. ஈரம் பட்டால் தீப்பிடிக்கும்.

கிராங்கை லேத்துக்குக் கொண்டுபோய் அளவு பாருங்கள். அதன் ஒயில் வழிகளை மூடியிருக்கும் அலுமினிய அடைப்புகளையும் எடுத்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். பல வருட அழுக்கு அவற்றின் பின்னால்தான் பதுங்கியிருக்கும்.

பூட்டும்போது லைனரின் விளிம்பு பிளாக்கின் முகத்துக்குக் கீழே இறங்கக் கூடாது, மேலே 0.06 மில்லிமீற்றரைத் தாண்டவும் கூடாது. நுண்ணளவு காட்டும் டயல் கேஜ் இரவல் வாங்கியாவது அளந்து பாருங்கள். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே வைக்கும் கஸ்கட்டுடன் வரும் சிறு ரப்பர் வளையங்களை மறந்தால் ஒயில் தண்ணீரில் கலக்கும். முதலாம் பிஸ்டன் உச்சியில் நிற்க, ஒவ்வொரு கேம்ஷாஃப்டிலும் உள்ள கோடு முன் பேரிங் மூடியின் கோட்டுடன் நேராக வேண்டும். பிறகு ஸ்பானரால் கிராங்கைக் கையாலேயே இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். எங்காவது தட்டுப்பட்டு நின்றால் பலம் போடாதீர்கள். வால்வு பிஸ்டனில் முட்டுகிறது என்று அர்த்தம்.

மினுக்கும் வேலைக்கு வருவோம். கேம் மூடியை 400, 800, 1200 எண் தாள்களால் நீர் விட்டுத் தேய்த்துக் கண்ணாடிபோல் ஆக்கினேன். மூன்று வாரத்தில் மங்கிவிட்டது. இப்போது அதை வார்ப்பின் இயல்பான மங்கல் நிறத்திலேயே விட்டு, வெப்பம் தாங்கும் நிறமற்ற லக்கரை மெல்லியதாக அடித்திருக்கிறேன். எனக்கு இதுவே அழகாகத் தெரிகிறது.

எஞ்சினைக் காரில் ஏற்றிய பின், பிளக்குகள் நான்கையும் கழற்றி வைத்துவிட்டு ஸ்டார்ட்டரை விட்டு விட்டுச் சுற்றுங்கள். ஒயில் அழுத்தமானியின் முள் அசைந்த பிறகே பிளக்கைப் பூட்டலாம். ரேடியேட்டருக்குக் காய்ச்சி வடித்த நீரும் கூலன்ட்டும் மட்டும். கிணற்று வாளியைத் தூர வையுங்கள்.