ட்ராக்டருக்கு ஏற்ற மட்டை அரைக்கும் மிஷின்: ஹெச்பி கணக்கு

பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தோப்பில் 140 தென்னை. மரத்துக்கு வருஷம் 12 மட்டை என்று வைத்தாலும் 1,680 மட்டை விழும். முன்பு வரப்போரம் குவித்து எரித்தோம். இப்போது அரைத்து மரத்தடியில் மூடாக்காகப் போடுகிறோம். ஈரம் நிற்கிறது, களை குறைகிறது. இடையில் தப்பான மிஷின் வாங்கி ஒரு மாதம் அல்லாடியதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ட்ராக்டரின் பி.டி.ஓ. ஹெச்பியை, அதாவது மிஷினை ஓட்ட வண்டியின் பின்னால் சுழலும் தண்டில் கிடைக்கும் ஹெச்பியை, கண்டுபிடியுங்கள். நான் சறுக்கிய இடம் இதுதான். என் வண்டி 42 ஹெச்பி. 40 ஹெச்பி கேட்கும் மிஷினை "தாராளமாக இழுக்கும்" என்று சொல்லி விற்றார்கள், நானும் நம்பினேன். ஆனால் 42 என்பது இன்ஜின் ஹெச்பி. பின்னால் சுழலும் தண்டுக்கு வந்து சேர்வது அதில் சுமார் 85 சதவீதம்தான். 42 x 0.85 = 35.7. மிஷின் கேட்டதோ தண்டில் 40. மட்டையின் அடிப்பகுதி உள்ளே போகும்போதெல்லாம் வண்டி திணறியது, பெல்ட் வழுக்கிக் கருகிய வாடை வந்தது, தூளுக்குப் பதில் நார் நாராக வந்து விழுந்தது. பிளேடு மழுங்கிவிட்டது என்று நினைத்து இரண்டு முறை சாணை பிடித்தேன். கோளாறு பிளேடில் இல்லை. வண்டியின் கையேட்டில் பி.டி.ஓ. ஹெச்பி தனியாகப் போட்டிருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள், 85 சதவீதக் கணக்கே வேண்டாம்.

அந்த எண்ணிலும் ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள். 35.7க்கு 28 ஹெச்பி கேட்கும் மிஷின் போதும். இப்போது என்னிடம் இருப்பது அப்படிப்பட்டதுதான், மட்டை தடையில்லாமல் உள்ளே போகிறது.

அடுத்து வேகம். பெரும்பாலான மிஷின்கள் தண்டில் நிமிடத்துக்கு 540 சுற்று கேட்கும். அதற்கு இன்ஜின் எத்தனை ஆர்.பி.எம்.மில் ஓட வேண்டும் என்று மீட்டரில் குறி இருக்கும். டீசல் மிச்சம் என்று அதற்குக் கீழே ஓட்டினால் ஹெச்பியும் சேர்ந்து குறையும்.

அப்புறம் ட்ராக்டரையும் மிஷினையும் சேர்க்கும் இணைப்புத் தண்டின் நீளம். அது ஒன்றுக்குள் ஒன்று நகரும் இரண்டு குழாய். லிஃப்டை மெதுவாக ஏற்றி இறக்கிப் பாருங்கள். மிகக் குறுகும் இடத்தில் இரண்டு குழாயும் முட்டக்கூடாது, மிக நீளும் இடத்தில் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும். ஷியர் போல்ட் வைத்த தண்டைத்தான் நான் வாங்குவேன். கல்லோ கம்பியோ சிக்கினால் போல்ட் உடையும், கியர்பாக்ஸ் தப்பும். உடைந்த போல்ட்டுக்குப் பதிலாக அதைவிடக் கடினமான போல்ட்டை மாட்டாதீர்கள்.

பிறகு சேர்த்தது: வேம்பு, புளியங்கிளை போடலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். போடலாம். ஆனால் எத்தனை அங்குலத் தடிமன் வரை போடலாம் என்று மிஷினில் எழுதியிருக்கும் அளவைப் பச்சையான, மென்மையான கிளைக்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள். காய்ந்த புளிக்கு நான் அதில் பாதியோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இன்னொன்று. தண்டின் மேல் உறை இல்லாமல் ஓட்டவே ஓட்டாதீர்கள். வேட்டியோ தோளில் துண்டோ போட்டுக்கொண்டு பக்கத்தில் போகாதீர்கள். 540 சுற்று என்றால் நொடிக்கு 9 சுற்று. துணி சிக்கினால் கையை இழுத்துக்கொள்ளக்கூட நேரம் இருக்காது. அடைப்பு எடுக்கும்போது இன்ஜினை அணைத்து, சாவியைச் சட்டைப் பையில் போட்டு, பிளேடு முழுவதும் நின்ற பிறகு கை வையுங்கள்.