ஜெர்மனியில் எந்த ஊர்? தனியாக வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு

ஜெர்மனியில் வேலைக்கு முயற்சி செய்யும் நம் பிள்ளைகள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "மியூனிக்கா, பெர்லினா?" நான் பதிலுக்கு இரண்டு கேள்விகள் கேட்பேன். இந்த வேலை போனால், குடியிருக்கும் வீட்டை மாற்றாமலே இன்னொரு வேலைக்குப் போக முடியுமா? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவீர்கள்? குடும்பத்தோடு வருபவர்களுக்குப் பள்ளிக்கூடம், குழந்தைகள் காப்பகம் என்று வேறு கணக்குகள் உண்டு. தனியாக வருபவர்கள் முதலில் பார்க்க வேண்டியவை இந்த இரண்டும். சம்பளம் அதற்குப் பிறகுதான்.

இரண்டாவது வேலையைப் பற்றி முதல் வேலைக்குச் சேரும்போதே ஏன் யோசிக்க வேண்டும்? இங்கே பெரும்பாலான வேலை ஒப்பந்தங்களில் முதல் ஆறு மாதம் 'ப்ரோபெட்சைட்', அதாவது தகுதிகாண் காலம். அந்த ஆறு மாதத்துக்குள் காரணம் சொல்லாமலே இரண்டு வார அவகாசத்தில் உங்களை அனுப்பிவிடலாம். நீங்களும் அப்படியே விலகலாம். புளூ கார்டில், அதாவது தகுதிபெற்ற வெளிநாட்டு ஊழியர்களுக்கான வேலை அனுமதியில், இருப்பவர்களுக்கு விசாவே வேலையை நம்பித்தான் நிற்கிறது. வேலை முடியப்போகிறது என்று தெரிந்த இரண்டு வாரத்துக்குள் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வேறு வேலை தேடிக்கொள்ள அவர்கள் ஒரு கெடு கொடுப்பார்கள். கடைசி 30 மாதங்களில் 12 மாதமாவது காப்பீடு கட்டியிருந்தால்தான் வேலையில்லாக் காலப் பணம் வரும். புதிதாக வந்தவருக்கு அது கிடைக்காது.

இந்த நெருக்கடியோடு ஊரும் மாற வேண்டியிருந்தால் சுமை இரட்டிப்பாகும். வாடகை வீட்டைக் காலி செய்ய மூன்று மாத முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். புது வீட்டுக்கு, ஹீட்டிங் முதலான செலவுகள் சேராத வாடகையில் மூன்று மாதம் வரை முன்பணம் கேட்கலாம். பல வீடுகளில் சமையலறை என்பது வெறும் அறைதான். அடுப்பு, தொட்டி, அலமாரி எல்லாம் நீங்களே வாங்கிப் பொருத்த வேண்டும். ஊர் மாறுவதற்கு இங்கே ஆகும் பணமும் நாளும் நம் ஊரில் இருந்து யோசிக்கும்போது தெரியாது.

ஆகவே ஒரே ஒரு பெரிய நிறுவனத்தை நம்பி நிற்கும் ஊர் என்றால் நான் தயங்கச் சொல்வேன். வொல்ஃப்ஸ்பர்க் என்றால் ஃபோக்ஸ்வாகன். 2030-க்குள் ஜெர்மனியில் 35,000-க்கும் அதிகமான இடங்களைக் குறைப்பதாக அந்த நிறுவனம் 2024 டிசம்பரில் தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் செய்தது. அங்கே வேலை போனால் எதிர்க்கட்டடத்தில் வேறு வேலை இருக்காது. மென்பொருள் நிறுவனமான எஸ்.ஏ.பி. இருக்கும் வால்டார்ஃபில் வேலை என்றால் அங்கேயே வீடு தேடாமல் ஹைடல்பெர்க்கிலோ மன்ஹைமிலோ குடியேறுங்கள். வேலைக்குப் போய்வரவும் முடியும், ஒரு நகரத்தில் வாழ்ந்த மாதிரியும் இருக்கும். ஸ்டுட்கார்ட் பெரிய நகரம்தான், ஆனால் மெர்சிடஸ், போர்ஷே, போஷ், அவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் நிறுவனங்கள் என்று எல்லாமே ஒரே துறையைச் சார்ந்தவை. கார்த்துறை இறங்கினால் எல்லாக் கதவும் ஒன்றாகச் சாத்தும். வண்டிகளுக்கான மென்பொருள்தான் உங்கள் தொழில் என்றால் அதைவிட நல்ல இடம் குறைவு. இதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

இப்போது பணம். வருமான வரி நாடு முழுவதும் ஒன்றுதான். ஆண்டுக்கு 55,000 யூரோ சம்பளம் வாங்கும் தனியாளுக்கு, வரியும் காப்பீடுகளும் போக, மாதம் கைக்கு வருவது ஏறக்குறைய 2,900 யூரோ. மியூனிக்கிலும் அதேதான், டார்ட்மண்டிலும் அதேதான். வாடகையில்தான் வித்தியாசம். மியூனிக்கில் பகிர்வு வீட்டில் ஓர் அறைக்கே 800 யூரோ அளவுக்குக் கேட்கிறார்கள். அந்தப் பணத்துக்குள் எசெனிலோ டார்ட்மண்டிலோ தனி வீடே எடுக்கலாம். மியூனிக் நிறுவனம் ஆண்டுக்கு நாலாயிரம் யூரோ கூடுதலாகத் தருகிறது என்றால், வரியும் காப்பீடுகளும் போக மாதம் 170 யூரோ அளவுதான் மிஞ்சும். வாடகை வித்தியாசத்துக்கே அது காணாது. ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டியவர்கள், கல்விக்கடன் கட்டுபவர்கள் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

அதற்காக மியூனிக் வேண்டாம் என்று சொல்லவில்லை. பி.எம்.டபிள்யூ., சீமென்ஸ், அலியான்ஸ், இன்ஃபினியன் என்று வெவ்வேறு துறைகளின் தலைமையகங்கள் அங்கேயும் அதை ஒட்டியும் இருக்கின்றன. இரண்டாவது வேலை என்ற கேள்விக்கு அந்த ஊர் நன்றாகவே பதில் சொல்கிறது. மலை பிடிக்கும் என்றால், காலையில் ரயிலேறி ஆல்ப்ஸ் அடிவாரத்தில் நடந்துவிட்டு ராத்திரி வீட்டுக்கு வந்துவிடலாம். முதல் ஆண்டு சேமிப்பு இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்பவர்களுக்கு ஏற்ற நகரம்.

பெர்லினில் ஆங்கிலம் மட்டும் வைத்துக்கொண்டு வேலை பார்க்க முடிகிறது. மென்பொருள்காரர்களுக்கு வாய்ப்புகளும் அதிகம், இளைஞர்களும் அதிகம். எனக்கு அங்கே இருக்கும் ஒரே கவலை அந்த வசதிதான். புளூ கார்டுகாரர்கள் ஜெர்மன் மொழியில் பி-1 என்ற இடைநிலையை எட்டினால் 21 மாதத்தில் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம். ஏ-1 என்ற தொடக்க நிலை மட்டும் என்றால் 27 மாதம். பெர்லினில் அலுவலகத்திலும் ஆங்கிலம், கடையிலும் ஆங்கிலம் என்று நாலு ஆண்டு ஓடிவிடும், ஜெர்மன் வாயில் வந்திருக்காது. பிறகு வேறு ஊரில் வேலை தேடும்போது அந்தக் குறை முன்னால் வந்து நிற்கும். பெர்லின் போகிறவர்கள் முதல் மாதமே நகராட்சியின் ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலேயில் (பெரியவர்களுக்கான கல்விக்கூடம்) மாலை வகுப்பில் சேர்ந்துவிடுங்கள், கட்டணமும் குறைவு.

பிராங்பர்ட் வங்கிக்காரர்களுக்கும் நிதித் துறை மென்பொருள்காரர்களுக்கும். சென்னைக்கு நேரடி விமானம் இருப்பது, வயதான அப்பா அம்மாவை விட்டு வந்தவர்களுக்குப் பெரிய ஆறுதல். ஹாம்பர்க் அழகான ஊர், ஏர்பஸும் துறைமுகமும் இருக்கின்றன. ஆனால் டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும், அதைத் தாங்குவீர்களா என்று யோசியுங்கள். டிரெஸ்டனில் சிப் தொழிற்சாலைகள் வளர்கின்றன, வாடகையும் குறைவு. ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: சாக்சனி மாநிலத்தில் 2024 தேர்தலில் குடியேறிகளுக்கு எதிராகப் பேசும் ஏ.எஃப்.டி. கட்சி ஏறக்குறைய 30 சதவீத வாக்கு வாங்கியது. டிரெஸ்டன், லைப்சிக் நகரங்களுக்குள் நம்மவர்கள் நன்றாக வாழ்கிறார்கள். வெளியே சின்ன ஊர்களில் வீடு எடுப்பதற்கு முன் அங்கே வாழும் நாலு பேரிடம் விசாரியுங்கள்.

பெயர் பெற்ற நகரங்களைத் தேடுபவர்கள் கவனிக்காமல் விடும் இடம் ஜெர்மனியின் மேற்கே இருக்கும் ரைன்-ரூர் பகுதி. நான் பரிந்துரைப்பது அதைத்தான். பான், கொலோன், லெவர்குசன், டுசல்டார்ஃப், எசென், போகும், டார்ட்மண்ட் எல்லாம் ஒரே ரயில் பாதைகளில் கோத்த ஊர்கள்; ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் பெரும்பாலும் அரைமணி நேரம்தான். பானில் டாய்ச்ச டெலிகாமும் டி.எச்.எல்.-உம், கொலோனில் ஃபோர்டும் ரேவேயும், லெவர்குசனில் பேயர், டுசல்டார்ஃபில் ஹென்கெலும் வோடஃபோனும், எசெனில் ஆர்.டபிள்யூ.ஈ.யும் ஈ.ஆனும். எசெனில் வீடு எடுத்தால் டுசல்டார்ஃப் வேலை போனாலும் போகுமில் தேடலாம், பெட்டி கட்ட வேண்டாம். 2026 ஜனவரியிலிருந்து மாதம் 63 யூரோவான டாய்ச்லாண்ட் டிக்கெட் என்ற மாதச் சீட்டு இந்தப் பாதைகளில் ஓடும் உள்ளூர், பிராந்திய ரயில்களில் செல்லுபடியாகும். ரயில்கள் தாமதமாகும், ரத்தாகும். அதனால் அலுவலகம் வாரத்தில் எத்தனை நாள் வரச் சொல்கிறது என்பதைக் கேட்டுக்கொண்டு வீட்டைத் தீர்மானியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைக் கேள்விக்கும் இங்கேதான் நல்ல பதில் இருக்கிறது. ஜெர்மனியில் ஞாயிறு ஓய்வு நாள் என்று அரசியலமைப்பே சொல்கிறது. கடைகள் அடைத்திருக்கும், தெரு அமைதியாக இருக்கும், வீட்டில் துளைபோடும் சத்தம்கூடக் கேட்கக் கூடாது. முதல் நவம்பரில் அந்த அமைதி ஒரு தனியாளை எப்படி அழுத்தும் என்பது சென்னையிலோ மதுரையிலோ வளர்ந்தவர்களுக்கு முன்கூட்டித் தெரியாது. வாட்ஸ்அப்பில் வீட்டோடு பேசிவிட்டு ஃபோனை வைத்த பிறகு வரும் அந்த நேரத்துக்கு ஆள் வேண்டும்.

ஈழத்தமிழர்கள் 1980-களிலிருந்து இந்தப் பகுதியில் வாழ்கிறார்கள். டார்ட்மண்டிலும் எசெனிலும் நம் கடைகள் இருக்கின்றன; கறிவேப்பிலைக்கும் முருங்கைக்காய்க்கும் அலைய வேண்டாம். ஹாம் நகரின் காமாட்சி அம்பாள் கோயிலுக்கு 2002-இல் குடமுழுக்கு நடந்தது. அதன் தேர்த்திருவிழாவுக்கு ஐரோப்பா முழுவதிலிருந்தும் ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். ஆனால் தமிழ்நாட்டிலிருந்து ஐ.டி. வேலைக்கு வரும் பலர் தங்கள் அலுவலக நண்பர்களோடு நின்றுவிடுகிறார்கள், இந்த அண்ணன்மார் அக்காமாரோடு பழகுவதில்லை. எனக்கு அது வருத்தம். மொழியே தெரியாமல், அகதி முகாமிலிருந்து தொடங்கி, இந்த நாட்டில் வீடும் தொழிலும் ஆக்கிக்கொண்டவர்கள் அவர்கள். எந்த வீட்டுக்காரர் நம்மவருக்கு வாடகைக்குக் கொடுப்பார், எந்த மருத்துவர் பொறுமையாகக் கேட்பார் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். கோயிலிலோ கடையிலோ நீங்களே போய்ப் பேசுங்கள். தமிழாலயங்களில் சனி, ஞாயிறில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தர ஆள் தேவையா என்று கேட்டுப்பாருங்கள். ஒரு பருவத்துக்குள் அந்த ஊர் உங்கள் ஊராகிவிடும். இதோடு ஜெர்மன்காரர்களின் ஃபெரைன், அதாவது சங்கம், எதிலாவது ஒன்றில் சேருங்கள். பூப்பந்து, கிரிக்கெட், பாட்டுக்குழு, எதுவானாலும் சரி.

ஊரை முடிவு செய்த பிறகு, முதல் மூன்று மாதத்துக்குத் தற்காலிக வீடு போதும். இந்தியாவிலிருந்தபடியே நீண்டகால ஒப்பந்தம் போடாதீர்கள், வீட்டைப் பார்க்காமல் யாருக்கும் முன்பணமும் அனுப்பாதீர்கள். ஆனால் தற்காலிக வீடானாலும் அங்கே 'ஆன்மெல்டுங்', அதாவது முகவரிப் பதிவு, செய்ய முடியுமா, அதற்கான கடிதத்தை வீட்டுக்காரர் கையெழுத்திட்டுத் தருவாரா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். குடிவந்த இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும். பதியாவிட்டால் வரி எண் தபாலில் வராது, முதல் சம்பளத்தில் வரி அதிகமாகப் பிடிபடும், வங்கிக் கணக்கும் இழுக்கும். பெரிய நகரங்களில் பதிவுக்கான நேரம் கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால், விமானச் சீட்டு எடுத்த அன்றே அந்த நகராட்சியின் இணையதளத்தில் நேரம் தேடத் தொடங்குங்கள்.