பழைய கம்ப்யூட்டருக்குக் கலர் லேசர் பிரிண்டர்: பணம் கட்டும் முன் பார்க்காமல் விடுபவை

பெட்டியின் மேல் ‘விண்டோஸ்’ என்று போட்டிருக்கிறதே, போதும் என்று வாங்கிவிடுவதுதான் முதல் தவறு. நானும் அதைத்தான் செய்தேன். வீட்டில் இருப்பது 32 பிட் விண்டோஸ் 7, 2 ஜிபி ரேம்; பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்த பழைய ஃபைல்களுக்காகவே அதை இன்னும் வைத்திருக்கிறேன். கனமான பிரிண்டரை மூச்சு வாங்க மாடி ஏற்றிப் பிரித்துப் பார்த்தால், டிரைவர் (பிரிண்டரைக் கம்ப்யூட்டரோடு பேச வைக்கும் மென்பொருள்) 64 பிட்டுக்கு மட்டும்தான். “சீல் உடைச்சிட்டீங்களே சார்” என்று கடையில் கை விரித்துவிட்டார்கள்.

அதனால் மாடல் எண்ணை வைத்து, தயாரிப்பாளரின் டிரைவர் பக்கத்தில் உங்கள் விண்டோஸும் பிட் கணக்கும் (32 அல்லது 64) இரண்டுமே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எக்ஸ்பியை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7ஐ 2020 ஜனவரியிலும் கைகழுவிவிட்டது. இன்ஸ்டாலர் சின்ன ஃபைலாக இருந்து மீதியை இணையத்திலிருந்து இழுக்கும் வகை என்றால் பழைய மெஷினில் பாதியில் நின்றுவிட வாய்ப்பு அதிகம். முழு டிரைவரை வேறு கம்ப்யூட்டரில் இறக்கி பென்டிரைவில் கொண்டுவாருங்கள்.

இதைவிடப் பெரிய தவறு, பக்கத்தை உருவாக்கும் வேலையை யார் செய்கிறார்கள் என்று கேட்காமல் விடுவது. விலை குறைந்த பல மாடல்கள் ஜிடிஐ அல்லது ‘ஹோஸ்ட் பேஸ்டு’ வகை, அதாவது பக்கத்தைப் புள்ளிகளாக மாற்றும் பாரத்தையெல்லாம் உங்கள் கம்ப்யூட்டர்தான் சுமக்கும். 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஒரு ஏ4 பக்கம் கிட்டத்தட்ட 3.5 கோடி புள்ளிகள், அதற்கு நான்கு நிறம். சுருக்காமல் விட்டால் புள்ளிக்கு ஒரு பிட் என்று வைத்தாலே 17 எம்பி வரும். நோஞ்சான் மெஷின் ஒவ்வொரு பக்கத்துக்கும் திணறும். பிசிஎல் அல்லது போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பக்க மொழி புரியும் மாடல் என்றால் அந்த வேலையைப் பிரிண்டரே பார்த்துக்கொள்ளும். அந்த மாடலுக்கென்று டிரைவர் இல்லாவிட்டாலும் பொது டிரைவரை வைத்து ஓட்டிவிடலாம். என்னைப் போல் பேஜ்மேக்கர் ஆசாமி என்றால் போஸ்ட்ஸ்கிரிப்ட் இல்லாததைத் தொடவே வேண்டாம், இபிஎஸ் படங்கள் (போஸ்ட்ஸ்கிரிப்டிலேயே எழுதப்பட்ட படக் கோப்புகள்) மங்கலான முன்தோற்றமாகத்தான் தாளில் விழும்.

அப்புறம் கேபிள். பழைய யூஎஸ்பி 1.1 போர்ட்டின் உச்ச வேகமே நொடிக்கு 12 மெகாபிட், இவ்வளவு பெரிய பக்கம் அதில் ஊர்ந்துதான் போகும். ஈதர்நெட் போர்ட் உள்ள பிரிண்டராகப் பார்த்து ரவுட்டரில் சொருகிவிடுவது நிம்மதி. போன் ஆப் இல்லாமல் செட்டப்பே செய்ய முடியாத வைஃபை மாடல்கள் பழைய கம்ப்யூட்டருக்கு வீண் தலைவலி.

கம்ப்யூட்டருக்கு வைத்திருக்கும் யூபிஎஸ்ஸிலேயே பிரிண்டரையும் மாட்டுகிறார்கள். டோனரை உருக்கும் ஹீட்டர் சூடேறும்போது மின்சாரத்தை அப்படி இழுக்கும், 600 விஏ யூபிஎஸ் தாங்காது. நேராகச் சுவர் பிளக்கில் மாட்டுங்கள்.

செகண்ட் ஹேண்ட் என்றால் கான்ஃபிகரேஷன் பக்கத்தை அச்சடிக்கச் சொல்லி எத்தனை பக்கம் ஓடியிருக்கிறது என்று பாருங்கள். நான்கு நிற டோனரின் விலையையும் அங்கேயே கூட்டிப் பாருங்கள், சில மாடல்களில் அது பிரிண்டர் விலையைத் தொட்டுவிடும்.